திருகாணி

இரண்டு வருடமாக அம்மா போனில் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பாப்பா, ஒரு நாள் தனியா வா. பொட்டியத் தொறந்து காட்டணும்." எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பச்சை டிரங்குப் பெட்டி. எதற்குக் காட்ட வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்ததால்தான் போகாமல் இருந்தேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பேன். கோடை விழாக் கூட்டம், அடிவாரத்திலேயே வண்டி நிற்கிறதாம் என்பேன். மழை என்பேன். சேலம் அஸ்தம்பட்டியில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் ஏற்காடு போய்விடலாம். அம்மாவுக்கும் அது தெரியும். "சாவகாசமா வா" என்று விட்டுவிடுவாள். ஒரு முறைதான் பட்டென்று கேட்டாள். "நான் போனப்பறம் நீங்க எது எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு நிக்கக் கூடாதில்ல?" நான் "வாயக் கழுவும்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அம்மாவுக்கு 76 வயது.

வாயைக் கழுவு. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு நாக்கில் உட்கார்ந்துவிட்ட வார்த்தை. பேச்சு வழியாகச் சாவு வீட்டுக்குள் நுழைந்துவிடும் என்று பயந்த யாரோ ஆரம்பித்து வைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் செத்துப்போனார் என்று சொல்ல மாட்டார்கள். தவறிட்டார் என்போம், ஏதோ கால் இடறிய மாதிரி. "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்போம், யாரை என்று சொல்லாமல். எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது. சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். உயிர் போன பிறகு செய்ய வேண்டியது அத்தனையும் எங்களுக்கு மனப்பாடம். சங்கு ஊதுகிறவருக்குச் சொல்லி அனுப்புவது, வாய்க்கரிசி, பேரன் பேத்திகள் பிடிக்கும் நெய்ப்பந்தம், ஓட்டை போட்ட கொள்ளிக்குடம், பதினாறாம் நாள் கருமாதி, எதற்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சாகப்போகிறவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வாயெடுத்தால் மட்டும் எங்களில் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. எட்டு வருடமாக என்னை அரித்துக்கொண்டிருப்பது இதுதான்.

அப்பா சொன்ன "சரி"

அப்பா எஸ்டேட் ரைட்டர். முப்பத்தெட்டு வருடம் செக்ரோல் எழுதினார். ஆள் கணக்கு, பழம் எடை, கூலிக் கணக்கு எல்லாம் அவர் கையெழுத்துதான். ரிட்டயரான பிறகு நாகலூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் சொந்தமாகக் காபியும் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகும். 2017 ஆகஸ்டில் அவருக்குக் கண் மஞ்சளித்தது. சேலத்துக்குக் கூட்டி வந்து ஸ்கேன் எடுத்தோம். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. அது பித்தநாளத்தை அமுக்கியதால்தான் மஞ்சள். ஈரலுக்கும் பரவியிருந்தது. ஸ்டென்ட் வைத்தால் மஞ்சள் இறங்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை, மூன்று மாதம் என்றார் டாக்டர். "அவருக்குச் சொல்லிடலாமா?" என்று கேட்டார். நானும் தம்பியும் ஒரே மூச்சில் "வேண்டாம் டாக்டர்" என்றோம். அவர் மனசு தாங்காது என்றோம். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். இதைத் தினமும் கேட்கிறவராக இருக்க வேண்டும். உள்ளே போய், "மஞ்சக்காமாலதாம்ப்பா, பத்தியம் இருந்தா சரியாயிரும்" என்றேன்.

பத்து நாள் கழித்து மலைக்குக் கூட்டிப் போனோம். தம்பி ஓட்டினான், அப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவில் பதினாலோ பதினைந்தோ, வண்டியை நிறுத்தச் சொன்னார். வாந்தி வருகிறதோ என்று நினைத்து நான் தண்ணீர் பாட்டிலோடு இறங்கினேன். அவர் கட்டைச்சுவரில் கையை ஊன்றி, கீழே பரந்து கிடந்த சேலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்: "பாப்பா, இந்த வாட்டி மொளகு பறிக்கையில நான் இருப்பனா?"

மிளகு தை, மாசியில் பறிப்பது. அப்போது ஆவணி. அவர் குரலில் அழுகை இல்லை, நடுக்கம் இல்லை. நாளைக்கு ஆள் வருமா, மழை நிற்குமா என்று கேட்கிற அதே குரல். எனக்குத்தான் வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. "ஏம்ப்பா இப்பிடியெல்லாம் பேசறீங்க? அடுத்த வருசமும் நீங்கதான் ஏணி போட்டு நிக்கப் போறீங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். அந்த மாதிரி ஒரு கேள்வியை என்னிடம் மறுபடி கேட்கவே இல்லை.

ஐப்பசிக் கடைசியில் போனார். மூன்று நாளாக விடாத மழை. சேலத்திலிருந்து ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தம்பி மகனுக்கு அப்போது ஐந்து வயது. பெட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தாத்தாவுக்குக் குளிராதா?" என்று கேட்டான். யாரோ ஒருத்தர் அவனை அவசரமாகத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். 1948-ல் மரியா நாகி என்ற உளவியலாளர் ஹங்கேரிக் குழந்தைகளிடம் பேசி எழுதிய ஓர் ஆய்வு இருக்கிறது. ஐந்து வயது வரை குழந்தைக்குச் சாவு என்பது ஒரு வகைத் தூக்கம், அல்லது வேறெங்கோ போயிருப்பது. உடம்பின் வேலை எல்லாம் நின்றுவிட்டது, இனி திரும்பாது, எல்லோருக்கும் இது உண்டு என்று விளங்க ஒன்பது பத்து வயதாகிவிடுகிறது என்பது அதன் சாரம். படித்தபோது என்னையே நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது நாற்பது. அன்று ராத்திரி ஓட்டில் மழை அடிக்க அடிக்க, அப்பா நனைகிறாரே என்றுதான் படுத்துக் கிடந்தேன். எரித்து முடித்துவிட்டு வந்த பிறகு.

சொல்ல வந்தது அத்தையின் ஒப்பாரியைப் பற்றி. அப்பாவுக்கு மூத்தவள். வாசலில் இறங்கும்போதே தலையை விரித்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டாள். ஒப்பாரி பாடுகிறவளைச் சுற்றி நாலைந்து பேர் தோளில் கை போட்டு வட்டமாக உட்காருவார்கள். நானும் அந்த வட்டத்தில் இருந்தேன். பிறந்தது, வளர்ந்தது, மலையேறி வந்தது, எல்லாம் வரிசையாக வந்தது. நடுவில் இப்படி ஒன்று:

"மஞ்சக் காமாலைன்னு
மக சொல்லிப் போனாளே – எம்பொறப்பே
மாசம் மூணுன்னு – எங்
காதோட சொன்னாயே…"

எனக்கு அழுகை நின்றுவிட்டது. அத்தையின் தோளில் இருந்த என் கையை எடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்த பிறகு அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். "எழுத்துக் கணக்குப் பாத்த மனுசனுக்குக் காயிதம் படிக்கத் தெரியாதா பாப்பா? ஸ்கேன் கவரைப் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் மலையேறியிருக்கான். ஒங்கிட்டக் கேட்டானாம். நீ பயந்துக்கிட்டயாம். புள்ள பயப்படுது, இனிமே கேக்க வேண்டாம்னு எங்கிட்டச் சொன்னான்."

அவர் தாங்க மாட்டார் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். அவர் என் முகத்தைப் பார்த்து, நான் தாங்க மாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறார். அந்தச் "சரி"க்கு அர்த்தம் அதுதான். சாகப்போகிற மனுஷர் ஒரு கட்டைச்சுவர் ஓரத்தில் நின்று எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார், நான் அதை வாங்கிக்கொண்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

படித்தவை

அதற்குப் பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து கட்டங்களை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர்கூட நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று எனக்கே சொன்னார். 1969-ல் எலிசபெத் குப்லர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அதை எழுதியது பறிகொடுத்தவர்களை வைத்து இல்லை. சிகாகோவில் ஒரு மருத்துவமனையில், சாகக் கிடந்தவர்களின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசியதைக் கேட்டு எழுதினார். பிற்பாடு நாம் அந்த ஐந்தையும் படிக்கட்டு மாதிரி ஆக்கி, துக்கப்படுகிறவர்களை அதில் ஏறச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அந்த ஐந்தை விட அவர் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் பெரிதாகப் படுகிறது. என் அப்பாவுக்கு ஒரு பக்கத்துச் சீட்டு தேவைப்பட்டது, அவ்வளவே.

எங்கள் வீட்டில் நடந்ததற்கு அதற்கும் முன்னாலேயே பெயர் வைத்துவிட்டார்கள். 1965-ல் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்க மருத்துவமனைகளில் பார்த்ததை வைத்து எழுதியது. நோயாளிக்கு ஒன்றுமே தெரியாத நிலை உண்டு, சந்தேகப்படும் நிலை உண்டு, எல்லோரும் வெளிப்படையாகப் பேசும் நிலை உண்டு. இன்னொன்று, இரண்டு பக்கத்துக்கும் தெரியும், தெரியாத மாதிரி இரண்டு பக்கமும் நடிக்கும் நிலை. அதைப் படித்தபோது எங்கள் ஹால், அப்பாவின் கட்டில், நான் ஆற்றிக் கொடுத்த கீழாநெல்லிக் கஷாயம் எல்லாம் கண் முன்னால் வந்தது. அது எதற்கும் உதவாது என்று தெரிந்தே அரைத்துக் கொடுத்தேன். தெரிந்தே குடித்தார்.

அதனால் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட வேண்டும் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. கேட்காதவரிடம் போய் மூன்று மாதம் என்று சொல்வதும் ஒரு வன்முறைதான். ஏவெரி வைஸ்மன் என்ற மனநல மருத்துவர் 1972-ல் எழுதியது எனக்கு இன்னும் நெருக்கமாக இருந்தது. சாகப்போகிறவர் தெரிந்தும் தெரியாமலும் ஒரு நடுவாந்தரத்தில் இருக்கிறார் என்கிறார். காலையில் எல்லாம் தெரிந்தவராக உயில் பேசுவார், சாயங்காலம் அடுத்த வருடத்துக்குத் திட்டம் போடுவார். இரண்டும் உண்மை. அப்பா கடைசி மாதத்தில்கூட மிளகுக்குப் புது ஏணி செய்ய மூங்கில் சொல்லியிருந்தார். கருமாதி முடிந்த மறுநாள் மூங்கில் வந்து இறங்கியது.

பெட்டி

இவ்வளவு படித்த பிறகும் அம்மாவிடம் "வாயக் கழுவு" என்றுதான் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். படித்தது தலையில் இருந்தது. போனை வைத்தது கை.

போன பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் கிளம்பிப் போனேன். பூமழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. காபிப் பூ கொட்டி முடித்து, வாடின வாசனை மட்டும் இருந்தது. அம்மா என்னைப் பார்த்ததும் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. சாப்பிட வைத்தாள். பிறகு கட்டிலடியில் குனிந்து பெட்டியை இழுத்தாள். நான் இழுக்கிறேன் என்றதற்கு, "எனக்கு இழுக்கத் தெரியும், நீ உக்காரு" என்றாள்.

மேலே ஒரு நோட்டு. யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பெயரும் நம்பரும். அதில் நாலு பெயர் அடிக்கப்பட்டிருந்தது, அவளை முந்திக்கொண்டவர்கள். ஒரு மஞ்சப்பையில் முப்பதாயிரம் ரூபாய். "காரியச் செலவுக்கு. தம்பிகிட்டயும் ஒங்கிட்டயும் பைசா வாங்கக் கூடாது." ஒரு போட்டோ. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது, முடி முழுக்கக் கறுப்பாக. "பேனருக்கு இதப் போடுங்க. ஆதார் போட்டோவப் போட்றாதீங்க, அதுல நான் யாரோ மாதிரி இருக்கறேன்." அதற்கும் கீழே வெள்ளைத் துணியில் சுற்றி ஓர் அரக்குக் கலர் பட்டு.

பிறந்த வீட்டுக் கோடி, கடைசியாகப் போர்த்தும் புதுச் சேலை, அவள் தம்பி வீட்டிலிருந்து வர வேண்டும். மாமா அம்மாப்பேட்டையில் குழித்தறியில் பட்டு நெய்தவர். கண்ணில் புரை விழுந்து, முதுகும் போய், 2022-ல் தறியை நிறுத்திவிட்டார். அதற்கு முந்தின வருடமே அம்மா அவரிடம் ஒரு சேலை நெய்யச் சொல்லியிருக்கிறாள். "அவன் பசங்களுக்குத் தறி தெரியாது. கடையில ஏதாவது பாலியெஸ்டர வாங்கிட்டு ஓடியாருவாங்க. அதான் அவன் கண்ணு தெரியறப்பவே சொன்னேன்." எதற்கு என்று மாமா கேட்டாரா என்றேன். "கேக்கல. இருவது நாள் உக்காந்து நெய்ஞ்சு குடுத்தான். கூலி குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டான். கோடிக்குக் கூலி வாங்குவாங்களா?" மாமாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் சாவு என்ற வார்த்தை வரவே இல்லை. எனக்கும் அப்பாவுக்கும் நடுவிலும் வரவில்லை. ஆனால் மாமா தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து பாவு முடிகிற வரை நெய்திருக்கிறார். பேசாமல் இருப்பதிலேயே இத்தனை தூரம் வித்தியாசம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கரண்டுலயே வெச்சிருங்க" என்றாள் அடுத்து. "அப்பாவுக்கு வெறகு நனைஞ்சு ரெண்டு மணி நேரம் பத்தலன்னு தம்பி சொன்னானில்ல. எல்லாரும் மழையில நின்னாங்க. எனக்கு அந்த மாதிரி வேண்டாம்." சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. தம்பி அன்று என்னிடம்தான் மெதுவாகச் சொன்னான், புகையில் சிவந்த கண்ணோடு. அம்மா உள்ளறையில் இருந்து அதைக் கேட்டிருக்கிறாள். எட்டு வருடமாக அதை வைத்துத் தன் சாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பெட்டியை மூடிவிட்டு அம்மா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். "தோட்டக் கழட்டு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "இது பழைய மாடல். திருகாணி எடது பக்கம் சுத்தினா இறுகும், வலது பக்கம் சுத்தினாத்தான் வரும். எல்லாருக்கும் பழக்கம் வேற மாதிரி. அப்பாவுக்கு மோதரத்தக் கழட்ட என்ன பாடு பட்டாங்க, சோப்புப் போட்டு இழுத்து இழுத்து. என் காதுல யாராவது அவசரத்துல இழுத்தா கிழிஞ்சு போயிரும். ஏற்கெனவே ஓட்டை நீண்டு கெடக்கு. ஒருக்கா நீ கழட்டிப் பாத்துக்க."

"வேண்டாம்மா" என்றேன். "வேண்டாம்னா அன்னிக்கி யாரு கழட்டுவா?" என்றாள். கோபமே இல்லை.

ஜன்னல் பக்கமாக உட்கார வைத்தேன். காது மடல் சூடாக, மெத்தென்று, வெந்த பருப்பு மாதிரி இருந்தது. ஓட்டை ஒரு கோடாகக் கீழே இறங்கி, இன்னும் அரிசி நுனி அளவு சதைதான் மிச்சம். பின்னால் விரலை விட்டுத் திருகாணியைப் பிடித்தேன். பழக்கத்தில் தப்பாகத்தான் சுற்றினேன். அம்மா "ஸ்ஸ்" என்றாள். "வலது பக்கம்." மறுபடி சுற்றினேன். எண்ணெய்ப் பிசுக்கில் முதலில் வழுக்கியது. நகத்தைக் கொடுத்து மெதுவாக, அரைச் சுற்று, இன்னொரு அரைச் சுற்று. அவள் மூச்சு என் மணிக்கட்டில் பட்டுக்கொண்டிருந்தது. திருகாணி கையோடு வந்தபோது என் கை நடுங்குவதை நிறுத்தியிருந்தது. எப்போது நிறுத்தியது என்று தெரியவில்லை. "இன்னொரு காதையும் பாரு" என்றாள். அதையும் கழற்றினேன். இரண்டு தோடும் என் உள்ளங்கையில் இருக்க, அம்மா வெறும் காதோடு என்னைப் பார்த்து, "எப்படி இருக்கறேன்?" என்று கேட்டாள்.

தன் சாவை யாராலும் கற்பனை செய்ய முடியாது, செய்யப் பார்க்கும்போதெல்லாம் பார்வையாளராகப் பக்கத்தில் நின்றுவிடுகிறோம் என்று ஃப்ராய்ட் 1915-ல் எழுதினார். அம்மா அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள், கிடத்தியிருக்கும் தனக்குப் பக்கத்தில், யார் காதை இழுக்கிறார்கள், எந்தப் போட்டோவைப் போடுகிறார்கள், மழையில் யார் நனைகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு. ஃப்ராய்ட் அதை ஓர் இயலாமையாகச் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் அங்கே தனியாக நின்றிருந்தாள். அன்று மத்தியானம் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நல்லாத்தாம்மா இருக்கற" என்று சொல்லிவிட்டுத் தோட்டை மறுபடி போட்டுவிட்டேன். சாயங்காலம் கிளம்பும்போது என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போய், கொட்டை போட்டு முளைக்க வைத்த பட்டர் ஃப்ரூட் கன்றைக் காட்டினாள். கொட்டைக் கன்று காய்க்க எத்தனையோ வருடம் ஆகும். எங்கே வைத்தால் வெயில் படும் என்று என்னிடம் யோசனை கேட்டாள்.

பட்டுச் சேலையை அப்படியே மடித்து வைத்தால் மடிப்பிலேயே விட்டுப்போகும் என்று மாமா சொல்லியிருந்தாராம். மடிப்பு மாற்றி, பாலிஷ் போட்டு வரச் சொல்லி அம்மா என்னிடம் கொடுத்தனுப்பினாள். என் பீரோவில்தான் இருந்தது. நேற்று ராத்திரி போன் செய்தாள். ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், பத்திரிகை வந்திருக்கிறதாம்.

"அந்த அரக்குச் சேலையவே கட்டிக்கலாம்னு பாக்கறேன் பாப்பா. சும்மா பொட்டியில கெடக்குது."

"அப்ப கோடிக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கு அப்பறம் பாத்துக்கலாம். ஜாக்கெட்ட மட்டும் கொஞ்சம் பிடிச்சுத் தைக்கச் சொல்லு. எளைச்சுட்டேன்."